பூட்டு

தாயில்பட்டிப் பட்டாசு ஆலைப் பக்கமிருந்து காலையில் போன் வந்தாலே வெடிவிபத்தோ என்றுதான் எனக்குத் தோன்றும். போன வாரமும் அப்படித்தான். "சார், நம்ம மாரித்தாய் அக்கா போயிட்டாக" என்றார் எங்கள் கம்பெனி வேன் டிரைவர். "வெடியா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல சார், வீட்லதான். இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தவுக, காலைல எந்திரிக்கல." அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்படி விட்டதற்கு இன்னும் கூசுகிறேன்.

அவரோடு பட்டாசுப் பெட்டி கட்டி, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நான் அங்கே சூப்பர்வைசர். ஆங்கிலம் படித்த மிதப்பில் பாதி ஆங்கிலத்தில்தான் அதட்டுவேன். "லோடு!" என்று கத்தினால், "வந்திருக்கா, ஏத்தணுமா? ஒங்க இங்கிலீசுக்கு வாலே இல்லையே சார்" என்பார். ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும் என்று விளக்கினேன். "நாங்க ஒரு 'பண்ணு' சேத்துக்கிடுறோம். ஒங்களுக்கு என்ன கொறச்சல்?" என்று சிரித்தார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம். வேலிப்பக்கம் புகை. பேக்கிங் அறைக்குள் மாரித்தாயையும் சேர்த்துப் பதினொரு பெண்கள். பின்கதவில் பூட்டு தொங்கியது. காலையில் அதை எடுக்க மறந்தவன் நான். பூட்டு கிடக்கிறது என்று சொல்லத்தான் "லாக்! லாக்!" என்று அலறினேன். முன்வாசலில் நின்ற வாட்ச்மேன், பொறி உள்ளே போகாமல் கதவைப் பூட்டச் சொல்கிறேன் என்று நினைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். உள்ளே கதவை இடிக்கும் சத்தம். எனக்கு நா எழவில்லை. "கதவத் தொறங்க! கதவத் தொறங்க!" என்று மாரித்தாய் போட்ட கூச்சலில்தான் வாட்ச்மேன் திறந்தார்.

எரிந்தது காய்ந்த புல் மட்டும்தான். வெளியே வந்த மாரித்தாய் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "லாக்குன்னீகளே சார், பூட்டு கெடக்குன்னீகளா, பூட்டச் சொன்னீகளா?"

"தமிழ்லயும் பூட்டு அப்படித்தானே" என்று முனகினேன்.

"வெடியும் அப்படித்தான். அது பேரா இருக்குற வரைக்கும் நமக்குச் சோறு. வினையாயிட்டா?"

நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன். அவர் பூட்டை வாங்கி என் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சாவியை அன்றே தூர எறிந்துவிட்டேன். தினமும் காலையில் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த அறைக்குப் போகிறேன். "பின்கதவு திறந்திருக்கு" என்று முழுசாகச் சொல்கிறேன். இந்த வாரம் பத்துப் பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.