வாப்பாவின் குரல் விளங்காத ஹோல்

கெசட் காக்கா மௌத்தாகிவிட்டார்.

அந்த மரணச் செய்தியோடு தம்பி அனுப்பிய வொய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டேன்... டைல்ஸ் பதித்த இந்த வீட்டு ஹோலில் எதிரொலித்து ஒரு சொல்லும் தெளிவில்லை. ஃபோனைக் காதோடு அழுத்தித்தான் விளங்கியது. எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

கல்முனை பஸாரில் பாட்டு நாடா விற்கும் கெசட் கடை வைத்திருந்தவர். எண்பதுகளில் ஒரு நாள் மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லோரையும் ஏசி ஏசியே ஹோலின் எதிரொலியைச் சரியாக்கியவர்.

வாப்பா அப்போது சவூதியில். கடிதம் எழுத மாட்டார், கெசட்டில் பேசி அனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு, அதே கெசட்டில் அவர் குரலுக்கு மேலேயே பதிலைப் பதிந்து, லீவு முடிந்து போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம்.

அந்த முறை பெரிய ஸ்பீக்கர் செட்டும் வந்தது. பழைய செட்டை உம்மா உடனே விற்றுவிட்டா.

சீமெந்து நிலம், வெறும் சுவர்... வாப்பா தகரப் பீப்பாவுக்குள் தலையை விட்டுக் கதைக்கிற மாதிரி. கடைசியில் என் செல்லப் பெயர் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு என்ன சொன்னார்? கெசட்டைக் கொண்டுபோகிறவர் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்துவிடுவார்!

உம்மா தறியில் நெய்த சாரன் துணிகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டா. இன்னும் மோசம். கிரீச்சென்ற சத்தம் மட்டும் போனது, குரல் குழம்பியபடியே.

காக்கா வந்து கையைத் தட்டிப் பார்த்தார். "செட்டுல பிழையில்ல, சுவத்துலதான் பிழை. மனிசன்ட குரல் இந்த மெல்லிசுத் துணிக்கு அடங்குமா? மெத்தையக் கொண்டு வாங்க!"

"அப்ப நாங்க எதுல படுக்கிற?" என்றா உம்மா.

"சாரனை விரிச்சுப் படுங்க."

பஞ்சு மெத்தைகளைச் சுவரில் ஒட்டாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தி, கெசட்டைப் போட்டார். "விளங்குதா?"

கதிரையில் இருந்த வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, "ஓம் ஓம், நல்லா விளங்குது" என்றார்.

நான் கதவுத் திரைக்குப் பின்னால். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஆண்கள் முன்னால் நான் வருவதில்லை, வாயும் திறப்பதில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காக்கா புறப்படப் பையைத் தூக்கிவிட்டார். திரை அசைந்திருக்க வேண்டும்.

"அங்க ஆரு?"

"மூத்த மகள். கதைக்க மாட்டாள்" என்றா உம்மா.

"கதைக்க வேணாம். விளங்குதா எண்டு தலைய ஆட்டச் சொல்லுங்க."

இல்லை என்று ஆட்டினேன். உம்மா பார்த்துச் சொன்னா.

"யா அல்லாஹ்! முதல்லயே சொன்னா என்ன புள்ள? திரும்ப மெத்தை தூக்க வெச்சிட்டியே!"

முணுமுணுத்துக்கொண்டே ஒரு மெத்தையை என் திரைக்கு நேர் எதிர்ச் சுவருக்கு இழுத்தார். கெசட்டைத் திரும்பப் போட்டார். வாப்பா பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரி...

"என்ட மூத்த கிளி போன கெசட்டுல ஒண்டும் கதைக்கல்ல. ஒருக்கா இருமினாலும் போதும் மகள், நான் கேட்டுக்கிருவன்."

சாச்சா சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. ரெக்கோர்ட் பட்டனை அழுத்தி, மைக்கைத் திரைக்குக் கீழால் தள்ளினார்.

"விளங்கினா இருமு புள்ள. நேரம் போகுது."

இருமினேன். பிறகு, எப்படி வந்ததோ... "வாப்பா" என்று ஒரு சொல்லும்.

போய் வாங்க காக்கா. உங்கட கபுறுக் குழியில வெளிச்சம் நிறையட்டும்.

விளங்கிச்சு. அன்றைக்கே விளங்கிச்சு.