மச்சான் போட்ட கப்பல் பிளான்

இதை ஆம்பூரில் ஒரு ஆடுகூட நம்பாது. ஆனாலும் சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

என் தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், தோல் வியாபாரி. சிங்கப்பூரில் கப்பலேறிக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போவதற்காக, இன்று வேலூர் டிராவல்ஸ் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"கப்பல் நிக்கற ஊர்லல்லாம் அவங்களே சுத்திக் காட்டுவாங்க சார்" என்றாள் கடைப்பெண்.

"அதெல்லாம் பேஜாரும்மா. நானே பிளான் பண்ணிக்கிறேன்."

மச்சான் உலக வரைபடத்தைப் பதனிடாத பச்சைத்தோல் போல மேசையில் விரித்தார். ஏழு கடல் கண்ட மாலுமிகளும் இவரிடம் பாடம் கேட்க வேண்டும்!

"பினாங்குல நம்ம தோஸ்த்தோட தோல் டேனரி. காலைல அத பாக்குறோம். புக்கெட்ல தோல் பதப்படுத்துற கெமிக்கல் குடோன். மத்தியானம் அங்கயே சாப்பாடு."

கல்யாணமான நாளிலிருந்து தோல் நாற்றம் இல்லாத ஒரே ஒரு லீவு கேட்டு வரும் என் தங்கை, கடைப்பெண் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, எந்த ஊர்லயும் நிக்காத கப்பல் இருக்குதா?"

"இருக்குதுக்கா. நடுக்கடல் வரைக்கும் போய்ட்டு அப்டியே திரும்பிடும்."

"அதையே போடு."

மச்சான் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கப்பல்ல சோபா லெதரா, ரெக்சினா?"

இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. நிற்காத கப்பலுக்கு டிக்கெட் போட்டது மட்டும் நிஜம். நடுக்கடலில் இந்த மனிதரை என்ன செய்வது என்று யோசனை இருப்பவர்கள் சொல்லலாம்.