தனியாக இருந்தவர்கள் விடுபட்ட பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். பம்பாய் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த சின்னக் கம்ப்யூட்டர் ஆபீசில் அன்று மூன்று பேர்தான் இருந்தோம்: நான், தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய சங்கத்தின் செயலாளர், அவரை விடாமல் பின்தொடர்ந்து வந்த தோல்பை தைக்கும் ஒரு அக்கா.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சங்கம் லாரித் தண்ணீர் வரவழைத்து, ஆளுக்கு இரண்டு குடம் என்று கூப்பன் கொடுத்தது. எந்த ரூமில் எத்தனை பேர் என்று எண்ணித் தருவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தப்பாகிவிடுமோ என்ற பயம் இருந்தது.

கம்ப்யூட்டரில் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் ரூம் நம்பரும் குடும்பத்தலைவர் பெயரும். மற்றதில் அவரோடு இருப்பவர்கள், ஆளுக்கு ஒரு வரி. இரண்டாவதை ரூம் வாரியாகப் பிரித்து எண்ணி, தலைவருக்காக ஒன்று கூட்டும்படி கட்டளை எழுதியிருந்தேன். நாலைந்து வீடுகளை விரல்விட்டு எண்ணியும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் சங்கம் கூப்பன் கொடுத்திருந்தது.

"லாரி வந்துட்டுப் போயிட்டு அண்ணாச்சி. எனக்கு ஒரு சொட்டு இல்ல!" என்றார் அக்கா, செயலாளரிடம்.

"சும்மா காலிபீலி சத்தம் போடாத. ரூம் நம்பர மாத்திச் சொல்லியிருப்ப."

"பன்னெண்டு வருசமா அங்கனதான் கெடக்கேன். என் நம்பர் எனக்குத் தெரியாதோ?"

முதல் பட்டியலில் தேடினேன். பெயர் இருந்தது. எண்ணிய தாளை மறுபடி எடுத்தேன். இல்லை. மூன்று முறை எடுத்தும் இல்லை. ஃபிளாப்பி கெட்டுவிட்டதா, என் கண்தான் கெட்டுவிட்டதா என்றே புரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கூட யார் யார் இருக்காங்க அக்கா?" என்றேன்.

"யாருமில்ல. ஏன் பிள்ள, கூட ஆளில்லன்னா நானும் இல்லன்னு ஆயிருமா?"

அப்படித்தான் ஆகியிருந்தது. இரண்டாவது பட்டியலில் அவர் ரூமுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நான் எண்ணச் சொன்னதோ அதை மட்டும். தப்பான எண் வந்திருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். அந்த ரூமே தாளில் வரவில்லை.

முதல் பட்டியலிலிருந்து எல்லா ரூமையும் எடு, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆளை எண்ணு என்று கட்டளையை மாற்றினேன். புதிதாக ஏழு ரூம்கள் வந்தன. ஏழிலும் ஒற்றை ஆள். செயலாளர் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, "இவரு நடக்க மாட்டாரே" என்று ஓரிடத்தில் நிறுத்தினார்.

அக்காவுக்கு அங்கேயே கூப்பன் எழுதிக் கொடுத்தார். சண்டை போட வராத மற்ற ஆறு பேரும் அன்று தண்ணீருக்கு என்ன செய்தார்களோ, அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் யாராவது "எல்லாரையும் எண்ணியாச்சு" என்று சொன்னால் அவர்கள் நினைப்புதான் முதலில் வருகிறது.