மெசின் இறங்காத வயல்

“என்ட மனிசன்ட எலும்பு மெசினுக்குள்ள போனா ஆருக்குத் தெரியும், தம்பி?”

காரைதீவுச் செல்லத்தங்கம் அக்கா வரம்பில் நின்று என்னிடம் கேட்டார். நெல் வெட்டு மெசினில் இருந்த மசூர் காக்கா சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். வயல் அமைதியானது.

மசூர் காக்கா எங்கள் ஊர், நற்பிட்டிமுனைக்காரர். இளவயதில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். மெசின் வந்து அந்த வேலையை விழுங்கியபோது கோபித்துக்கொண்டு மூன்று போகம் வயல் பக்கமே போகவில்லை. பிறகு அதே மெசினை ஓட்டப் பழகினார். பதினைந்து வருடமாக அதன் உயர்ந்த இருக்கையில்தான் அவருடைய பகல்கள் போகின்றன.

அக்காவின் கணவர் அழகரெத்தினம் கார்த்திகை வெள்ளத்தில் வாய்க்காலைத் திறந்துவிடப் போனவர் திரும்பவில்லை. வெள்ளம் எல்லாவற்றையும் கடலுக்குத்தான் கொண்டுபோகும் என்று நாங்கள் நம்பினோம். தோணிக்காரர்கள் கடலில் தேடினார்கள். நாங்கள் ஒலுவில் வரை கரையோரம் நடந்தோம். வயலை யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, எங்கள் ஊர் ஸப்ரியின் வயலில் வேளாண்மையை வெட்டும்போது, மெசின் பல்லுக்கு முன்னால் ஒரு ரோச் லைட் கிடந்தது. அதில் சிவப்புச் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. கணவர் கொண்டுபோன விளக்கில் அதைச் சுற்றியவர் அக்கா; தேடும்போதே அடையாளம் சொல்லியிருந்தார். அதனால்தான் அவரைக் கூப்பிட்டோம்.

ஓர் எலும்பாவது கிடைத்தால் கிரியை செய்யலாம் என்று காத்து, பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் இருந்தவர் அவர்.

பொலிசார் வந்து பார்த்து, ஏதும் கண்டால் தொடாமல் அறிவிக்கச் சொன்னார்கள். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், தாக்கத்தி இருப்பவர்கள் கதிர் அறுக்க வரும்படி கேட்டார்கள். காரைதீவுக் கோயிலிலும் அதையே அறிவித்தார்கள். நூறு பேருக்கு மேல் வந்தோம். பனி இடுப்பளவு நின்றது. தலைகள் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தன. ஒரு பிடி அறுப்போம், கையால் மண்ணைத் தடவுவோம், ஓர் அடி நகர்வோம். நோன்பு காலம். வெயில் ஏற ஏற, கதிர் உரசும் சத்தம் எங்கோ தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டது. காரைதீவுக்காரர்கள் எங்கள் முன்னால் குடிக்காமல், மரங்களுக்கு அப்பால் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள்.

“படிச்ச மகன், வேளாண்மை வெட்டுறியா, நெல்லுக்கு முடி வெட்டுறியா?” என்றார் மசூர் காக்கா. என் கையைப் பிடித்துத் தாக்கத்தியைத் திருப்பி வைத்தார்.

இரண்டாம் நாள், வெள்ளம் மண்ணைக் குவித்துவிட்டுப் போயிருந்த மூலையில், அவர் கையை உயர்த்தினார். வரிசை நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தின் மேல் மெதுவாக விரித்தார். பொலிசார் வரும்வரை நூறு பேரும் தாக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு, சுற்றி நின்று நிழல் கொடுத்தோம்.

அக்கா துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“காக்கா, இனி அவர நான் அனுப்பி வைக்கலாம்.”

“ஓம், தங்கச்சி” என்றார்.

அடுத்த நாள் வேறு வயலுக்கு மெசினை எடுத்தார். இறக்குமுன் வரம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். இப்போது எல்லா வயலிலும் அப்படித்தான்.

வெள்ளம் வடிந்த வயலில் மெசின் இறக்கப்போகும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். எங்கள் கரையில் இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.