மின்ஹா தனியாக வந்த நாள்

நிஷாந்தினி டீச்சர் முன்னால் "பாவம்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடக் கூடாது. மஹய்யாவ ஊர்க்காரி, வாயைத் திறந்தால் பட்டாசுதான். கண்டியில் எங்கள் பாடசாலையில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அவர்தான் பொறுப்பு. பிரெயில் படிப்பிப்பார், வெள்ளைப் பிரம்போடு வீதியில் நடக்கப் பழக்குவார், பரீட்சையில் விடை எழுத ஆள் கேட்டுக் கல்விக் கந்தோர் அதிகாரிகளோடு சண்டையும் பிடிப்பார். பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

இந்த வருஷச் சண்டை ஸெய்னுலாப்தீன் நானாவோடு. கெலிஓயாவில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் மின்ஹாவுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. சாதாரண தரப் பரீட்சையில் அருமையாகச் சித்தியடைந்தாள். உயர்தரம் தொடங்குகிற நேரம் பார்த்து, தினமும் அவளைக் கூட்டிவந்த மூத்தவள், அவளுடைய ராத்தா, கலியாணம் முடித்து நாவலப்பிட்டிக்குப் போய்விட்டாள்.

"குமர்ப்பிள்ளைய தனிய பஸ்ஸில அனுப்ப ஏலாது டீச்சர். படிச்சது போதும். அவள் பாவம்..." என்றார் நானா.

சொல்லிவிட்டாரே அந்தச் சொல்லை!

"அவளுக்கு என்னங்க குறைச்சல்?" டீச்சர் எகிறினார். "ஒரு நாள் தனியா வரட்டும். ஒழுங்கா வந்து சேந்தா படிக்க விடுங்க. இல்லாட்டி நான் வாயே தொறக்கல. ஆனா நீங்க பின்னாலேயே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

நானா அரைமனதாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு பல கிழமை, பாடசாலை விட்டதும் டீச்சர் மின்ஹாவோடு கெலிஓயாவுக்கும் கண்டிக்கும் பஸ்ஸில் அலைந்தார்.

அந்த நாளும் வந்தது. பெரியாஸ்பத்திரி பஸ் ஹோல்டில் டீச்சரும் நானும் காத்து நின்றோம். அவள் வருகிற பஸ் வந்தது. நிற்காமலே போய்விட்டது!

"யா அல்லாஹ்!" நான் ஓடப் பார்த்தேன். டீச்சர் என் கையை எட்டிப் பிடித்தார்.

"நில்லுங்க. அவ பாத்துக்குவா."

சொன்னவர் பிடித்த கையை விடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் நடைபாதையில் பிரம்பைத் தட்டிக்கொண்டு மின்ஹா திரும்பி வந்தாள். எட்டத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய நானா!

"வரக் கூடாதுன்னு சொன்னேனே!" டீச்சர் வெடித்தார்.

"மனசு கேக்கல்ல டீச்சர். ஹோல்ட் தாண்டினதும் எனக்கு உசிரே போச்சு. எழும்பிட்டன். அதுக்குள்ள இவள் சிங்களத்தில இறங்கணும்டு போட்ட சத்தத்தில ட்ரைவர் பிரேக் அடிச்சிட்டான்."

மின்ஹா சிரித்தாள். "வாப்பா பின் சீட்டில இருந்தது ஏறினதுமே தெரியும் டீச்சர். அந்தக் கருவாட்டு மணத்துக்கு பஸ்ஸே மூக்கைப் பொத்தியிருக்கும்."

நானா மகளுக்குக் கிட்ட வந்தார். "அப்ப ஏன் மகள் என்னக் கூப்பிடல்ல?"

"நாளைக்கு நீங்க இருக்கமாட்டீங்களே வாப்பா."

நானா தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஓ... நாளைக்கு நான் வரமாட்டன்," என்றார். "எனக்குக் கடை திறக்கணும்."