ஐந்து மணிக்குள் வரச் சொன்னார்கள்

யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் இதைச் சொல்லாமல் என் அப்பா எழுந்திருக்க மாட்டார். "எம் பொண்ணுக்கு மெட்ராஸ்ல பெரிய யுனிவர்சிட்டில எடம் கெடைச்சிதுங்க. நான்தான் கெடுத்துட்டேன்." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்மேல் அல்ல.

ப்ளஸ் டூ முடித்த கோடையில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்று சென்னையில் அரசுப் பல்கலைக்கழகம். வேதியியல், ஐந்து வருடப் படிப்பு, விடுதியில் தங்க வேண்டும். இன்னொன்று கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகும் வழியில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. அதன் பஸ் கோலியனூரில் எங்கள் தெருமுனைக்கே வரும். பல்கலைக்கழகம்தான் வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அந்தத் தனியார் கல்லூரியில் சேர்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. டிசி, மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொடுத்தால்தான் சீட்டைப் பிடித்து வைப்பார்கள். பல்கலைக்கழகப் பட்டியல் வரத் தாமதமானது. இரண்டுமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்த அப்பா, ஒருநாள் என்னிடம் கேட்காமல் ஃபைலோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாலாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கலந்தாய்வு, அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும்.

திங்கட்கிழமை இருவரும் கல்லூரிக்கு ஓடினோம். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கரஸ்பாண்டென்ட் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாதுங்க. சார் ஊர்ல இல்ல. வந்ததும் போன் பண்றோம்." தனக்குப் போனில் சரியாகக் காது கேட்காது என்று அப்பா என் எண்ணைக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் வாய்க்கு வந்தபடி பேசினேன். "உன்ன யாருப்பா குடுக்கச் சொன்னது? என் வாழ்க்கையே போச்சு." முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்றே வந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. அதே ஆள். "சார் வந்துட்டாரும்மா. அஞ்சு மணிக்குள்ள வந்து வாங்கிக்கினு போயிடுங்க." சரிங்க என்றேன். அப்பா வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம். பஸ் மாறிப் போனாலும் நாலு மணிக்குள் அங்கே இருக்கலாம்.

நான் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தேன்.

நுழைவுத் தேர்வு எழுதச் சென்னைக்குப் போன அன்று அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் வழி தெரியாமல் முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறேன். ஒரு பெண்ணிடம் கேட்டேன். காதில் மாட்டியிருந்த இயர்போனை எடுக்காமலே கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அவள் காட்டிய பக்கம் போனால் பூட்டிய கேட். என்னைப் போல ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. சின்னக் கல்லூரியின் வாட்ச்மேனோ, "எந்த ஊரும்மா? கோலியனூரா? வா வா" என்றார். அவ்வளவுதான். வீட்டில் அத்தனை வீராப்பு பேசிவிட்டு, பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா செய்த தப்பு எனக்கு வாகாகப் போய்விட்டது. வெட்கமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அப்பா சேற்றுக்காலோடு வந்து நின்றார்.

"போன் எதுனா வந்துச்சாம்மா?"

"இல்லப்பா."

"ஜெராக்ஸ் இருக்குதே, அத எடுத்துக்கினு போய் சொல்லிப் பாக்கலாமா? கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"ஒரிஜினல் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க." எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

புதன்கிழமை போனது. சின்னக் கல்லூரியிலேயே சேர்ந்தேன், ஒழுங்காகப் படித்தேன். இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வேலை செய்கிறேன். குறையொன்றும் இல்லை. குறை இருந்திருந்தால், எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்றாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் என் தங்கைக்கும் இதே மாதிரி இரண்டு இடம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவைக் கேட்டாள். "நீ சொல்லுப்பா, எதுல சேரட்டும்?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னக் கேக்காதம்மா. நான் முடிவு பண்ணி ஒருத்தி வாழ்க்கை போனது போதும். அக்கா படிச்சவ, அவளக் கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். அப்பாவும் பார்த்தார். இருபது வருடம் மாட்டுக்கும் மழைக்கும் நிலத்துக்கும் தானே முடிவெடுத்த மனிதர், என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"பெரிய இடத்துலயே சேரு" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.