பின்சுவரின் ஏழாவது யன்னல்

போன கிழமை லண்டன் நோர்பரியில் ஒரு பழைய வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சுண்ணாம்பு மணம். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

இதே மணத்தோடு முன்பு ஒரு பெரிய வீட்டில் வேலை செய்திருக்கிறேன். அன்று அதன் பின்னறையில் இருந்தவர்கள்: என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட மேசன் செல்வமண்ணை. தச்சு வேலை செய்த வெள்ளைக்காரர் டேவ். மேற்பார்வைக்கு வரும் ஆர்க்கிடெக்ட் அம்மா. பிறகு நான்.

லண்டன் ஓரத்தில் துரைமார் கட்டிய வீடு. நாங்கள் அதைப் பழுது பார்த்தது இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பின்பக்கம் மரச்சட்டமும் செங்கலும், அதுதான் மிகப் பழையது. பிறகு வந்தவர் அதற்கு முன்னால் ஒரு வீட்டை ஒட்டினார். அதற்கும் பிறகு வந்தவர் முகப்பில் வெள்ளைத் தூண் வைத்தார். ஒருவரும் முந்தியதை இடிக்கவில்லை, மறைத்தார்கள். தூணைத் தட்டிப் பார்க்கச் சொன்னார் டேவ். தட்டினேன். கல் இல்லை, உள்ளே வெறும் மரப்பெட்டி.

"சுண்ணாம்புப் பூச்சுத் தெரியுமோடா?" என்று அண்ணை கேட்டிருந்தார்.

"ஓம் அண்ணை."

பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொல்லி அடி வாங்கியவன் நான். அதன் பிறகு எதற்கும் ஓம்தான்.

ஊரில் பூச்சு என்றால் இரும்பு மாதிரி இருக்கவேண்டும். ஒருவரும் பார்க்காத நேரம் கலவையில் அரை வாளி சீமெந்து போட்டேன்.

பூச்சுக் காய்ந்ததும் ஆர்க்கிடெக்ட் அம்மா வந்து, கதவு பூட்டும் திறப்பால் சுவரைக் கீறினார். கீறல் விழவில்லை. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, உள்ளே மரம் உளுத்துவிடும் என்றார். யார் கலந்தது என்று கேட்டார்.

நான் வாளியைக் கழுவத் தொடங்கினேன். "நான்தான்" என்றார் அண்ணை. அன்றோடு அவருக்கு அங்கே வேலை இல்லை.

வெளியே வந்து, "ஏன் அண்ணை?" என்றேன்.

"விசாவுக்குக் கொம்பனிக் கடிதம் உனக்கெல்லோ வேணும். எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு. சுவரை நல்லாத்தான் இறுக்கியிருக்கிறாய். இனி நீயே கிடந்து கொத்து."

ஒன்பது நாள் கொத்தினேன். ஏழாம் நாள் பூச்சோடு ஒரு செங்கல் கழன்றது. பின்னால் ஒரு யன்னல். எந்தக் காலத்திலோ யாரோ அடைத்தது. அந்த அம்மா அதைத் திறக்கச் சொன்னார். அதுவரை பின்சுவரில் ஆறு யன்னல். அன்றோடு ஏழு.

"செல்வத்தின் பிழை நல்ல பிழை" என்று டேவ் சிரித்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

விசா கிடைத்ததும், பார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்த அண்ணைக்குப் போன் எடுத்தேன். யன்னலைப் பற்றியும் சொன்னேன்.

"அதால வெளிச்சம் வருதோ?"

"வருது அண்ணை."

"பிறகென்ன."

அண்ணை இப்போது உயிரோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். பிளாட்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். பின்பக்கம், நான் கொத்திய இடத்தில், லிப்டுக்கு என்று புதிதாக ஒரு கட்டடம் ஒட்டியிருக்கிறது. மதிலுக்கு வெளியே நின்று யன்னல்களை எண்ணினேன்.

ஆறு.